நிலைக்காலில் சாய்ந்திருக்கும் சுருள்

லண்டனில் ஒரு யூத மூதாட்டியின் வீட்டு மாடியறையில் குடியிருந்த காலத்தில், அறைவாசல் நிலையின் வலப்பக்கம் தோளுயரத்தில் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்த விரல் நீளக் குழல் ஒன்றை, ஆணி தளர்ந்து சரிந்துவிட்டதென்று எண்ணி நிமிர்த்தப் போய், அவருடைய சிரிப்புக்கு ஆளானேன். அதுதான் யூதர்கள் வாசல் நிலையில் பொருத்தும் மெசூசா. அது செங்குத்தாக நிற்க வேண்டும் என்றார் 11ஆம் நூற்றாண்டு யூத மறைநூல் உரையாசிரியர் ராஷி. கிடையாக இருக்க வேண்டும் என்றார் அவருடைய பேரன் ரப்பேனு தாம். தாத்தாவும் பேரனும் ஒத்துப்போகாததால், நடு, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர்கள் மேல்முனை அறையின் உட்புறம் நோக்குமாறு சாய்த்து வைக்கிறார்கள்.

குழல் வெறும் உறைதான். உள்ளே சுருட்டி வைத்த தோலேடுதான் மெசூசா. எபிரேய விவிலிய நூலான உபாகமத்தின் 6, 11ஆம் அதிகாரங்களிலிருந்து, 'இச்சொற்களை உன் வாசல் நிலைகளில் எழுது' என்று கட்டளையிடும் இரு பகுதிகளை 22 வரிகளில், 713 எழுத்துகளில், சோஃபேர் எனப்படும் எழுத்தர் கையால் எழுதுகிறார். ஓர் எழுத்து விடுபட்டாலும், இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டாலும் ஏடு செல்லாது. வரிசை மாறாமல் எழுத வேண்டும் என்பது விதியாகையால், விட்டுப்போனதைப் பின்னால் செருகவும் வழியில்லை. ஏட்டின் பின்புறத்தில் 'ஷத்தாய்' என்ற இறைப்பெயர் இருக்கும். அதன் மூன்று எபிரேய எழுத்துகளையும் 'இஸ்ரயேலின் கதவுகளைக் காப்பவர்' என்ற எபிரேயத் தொடரின் முதலெழுத்துகளாக விரித்துப் பொருள் சொல்வார்கள்.

காப்பு என்ற எண்ணம் இவ்வாறுதான் கட்டளைக்குள் நுழைகிறது. ஒரு காலத்தில் ஏட்டுக்குள்ளேயே வானதூதர்களின் பெயர்களையும் முத்திரைகளையும் சேர்த்து எழுதினார்கள். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் இதைக் கண்டு கொதித்தார். இறைவன் ஒருவனே என்று நினைவூட்ட வந்த கட்டளையைத் தம் சொந்த நலனுக்கான தாயத்தாக மாற்றும் மூடர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்று சட்டநூலிலேயே எழுதி வைத்தார். அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆனால் அந்த ஆசை அவரைவிட மிகப் பழையது. 1979இல் எருசலேமின் கெதெப் இன்னோம் கல்லறைகளில் கிடைத்த, ஏறத்தாழ 2,600 ஆண்டுப் பழமையுள்ள இரண்டு சிறு வெள்ளிச் சுருள்களில், மற்றொரு விவிலிய நூலான எண்ணாகமத்தின் ஆசாரியர் ஆசியை ஒத்த சொற்கள் கீறப்பட்டிருந்தன. அவற்றை யாரோ காப்பாக அணிந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

"கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்கும் அந்த ஆசியைத்தான் மூதாட்டியும் வெள்ளி மாலைகளில் பேரனின் தலையில் இரு கைகளையும் வைத்து எபிரேயத்தில் சொல்வார். பையன் நன்றாக வளர்ந்துவிட்டான் என்று நான் ஒருமுறை சொன்னபோது, கண்ணேறு படாதிருக்க 'கெய்ன் அயின் ஹோரா' என்று அஷ்கெனாசி யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில் சட்டென முணுமுணுத்தார்.

மெசூசாக்களை ஏழு ஆண்டுகளில் இருமுறை சோதிக்க வேண்டும் என்பது முறை. வீட்டில் கெடுதல் நேர்ந்தாலோ பலர் உடனே சோதிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். மூதாட்டி மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட வாரத்தில் அவ்வாறே செய்தார். எழுத்தர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து, என் அறை ஏட்டில் ஓர் எழுத்தின் மை வெடித்து உதிர்ந்திருப்பதாகச் சொன்னார். மூதாட்டி புதிய ஏட்டை வாங்கினார். அதே வாரத்தில் ஆளை வரவழைத்து, படிக்கட்டின் தேய்ந்த கம்பளத்தையும் மாற்றினார்.