சிமெண்ட் பாஸ், ரிப்போர்ட் ஃபெயில்

ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்த சிமெண்டின் ஏழாம் நாள் ரிப்போர்ட்டில் 'தரத்துக்கு உட்படவில்லை' என்ற வரியைப் பார்த்ததும் கான்கிரீட் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். சென்டரிங் அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயாராக இருந்தது. கடைசியில் சிமெண்டில் ஒரு குறையும் இல்லை, ரிப்போர்ட்தான் தப்பு என்று தெரிந்தது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நான் சோதனைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் இறக்கி அடுக்கிய மூட்டைகள், மூன்று மாதம் தாண்டிவிட்டன. சில மூட்டைகளின் மூலை கெட்டியாக இருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் இருந்த சிமெண்டைச் சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆய்வகத்தில் முதல் தடவை மாதிரியை வாங்கவே மறுத்துவிட்டார்கள். "வாரம், வருஷம் இல்லாம எப்படி சார் என்ட்ரி போடறது?" என்றார் கவுண்டரில் இருந்தவர். மூட்டையில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு வாரம், வருடம், கிரேடு மூன்றும் விண்ணப்பத்தில் வர வேண்டுமாம். முன்பு போனில் கேட்டபோது இதை யாரும் சொல்லவில்லை. சாதாரண பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுபோனதும் ஆகாது என்றார்கள். சிமெண்ட் காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும் என்பதால் அது நியாயம்தான். திரும்பி வந்து, பல மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் அடைத்து, மேலே 'பிபிசி' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். என் மூட்டைகள் அந்த வகை, அதாவது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட். மூட்டையின் அச்சையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு என்னைக் காப்பாற்றியது அந்தப் படம்தான்.

நுண்மை, இறுகும் நேரம், விரிவு எல்லாம் சிக்கலில்லாமல் வந்தன. முதல் இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன் தொடங்கக்கூடாது, கடைசி இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. இரண்டும் சரி.

அமுக்க வலிமையில்தான் வினை வந்தது. ஒரு பங்கு சிமெண்ட், சோதனைக்கென்றே உள்ள எண்ணூர் நியமமணல் மூன்று பங்கு சேர்த்து 70.6 மில்லிமீட்டர் கனசதுரங்கள் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, குறித்த நாளில் இயந்திரத்தில் நசுக்குவார்கள். உள்ளங்கையில் நிற்கிற அந்தச் சின்னக் கட்டி ஏறக்குறைய 13 டன் வரை தாங்கியிருக்கிறது. சதுர மில்லிமீட்டருக்கு 26 நியூட்டன். பக்கத்திலேயே 'குறைந்தபட்சத் தேவை 37' என்று அச்சாகியிருந்தது.

அந்த 37 எங்கேயோ உறுத்தியது. இரவு உட்கார்ந்து பார்த்தேன். 37 என்பது ஓபிசி எனப்படும், சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்டின் 53 கிரேடுக்கான ஏழு நாள் அளவு. சாம்பல் கலந்த பிபிசிக்கு ஐஎஸ் 1489 என்ற இந்தியத் தரநிலை கேட்பது ஏழு நாளில் 22, இருபத்தெட்டு நாளில் 33 மட்டுமே. சாம்பலின் வேதிவினை மெதுவாக நடப்பதால் தொடக்க வலிமை குறைவாகத்தான் இருக்கும். என் சிமெண்ட் தாராளமாகத் தேறியிருக்கிறது!

மறுநாள் போய்ச் சொன்னதும், "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது" என்றார் அதே ஆள். டப்பா லேபிளையும் படத்தையும் காட்டி, மேலே இருந்த பொறியாளரைப் பார்த்தேன். அவர் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். பதிவு செய்யும்போதே வகையை ஓபிசி என்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள். திருத்திய ரிப்போர்ட்டை அன்றே கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வந்தேன். இருபத்தெட்டாம் நாள் முடிவு 41.

போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்கள் நிரப்பிய பதிவுத் தாளை வாங்கி, சிமெண்ட் வகை, கிரேடு, வாரம் மூன்றையும் உங்கள் மூட்டையோடு ஒத்துப் பாருங்கள். அதில் 28 நாள் வலிமை டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில இடங்களில் இறுகும் நேரத்தை மட்டும் பார்த்து 'சரி' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை வைத்து வலிமையைச் சொல்லவே முடியாது. அப்புறம், மேஸ்திரி காலி மூட்டைகளை மணல் அள்ள எடுத்துப் போகும் முன் ஒன்றையாவது தனியே எடுத்து வையுங்கள்.