ஆர்டர் போட்ட பிறகுதான் வேலை

பெரிய கட்டுமானத் திட்டங்களில் கொள்முதல் பிரிவு என்றால் பேரம் பேசுகிற ஆட்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பர்ச்சேஸ் ஆர்டர் கையெழுத்தாகி, மற்றவர்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போன பிறகுதான் எங்கள் வேலை சூடு பிடிக்கும்.

காற்றையோ வாயுவையோ அழுத்தும் ஒரு பெரிய கம்ப்ரஸரை எடுத்துக்கொள்ளுங்கள். அது சைட்டுக்கு வந்து இறங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். ஆனால் அதைத் தாங்கும் ஃபவுண்டேஷனை அதற்குப் பல மாதம் முன்பே போட்டாக வேண்டும். எடை எவ்வளவு, ஓடும்போது அதிர்வு எவ்வளவு, அதை ஃபவுண்டேஷனோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் எங்கெங்கே வரும் என்ற விவரமெல்லாம் இயந்திரத்தைச் செய்து தரும் வெண்டர் கொடுக்கும் டிராயிங்கில்தான் இருக்கும். ஆக, இயந்திரத்துக்கு முன்னால் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டியது அந்தத் தாள்தான். அது தாமதமானால் சிவில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இயந்திரமோ சொன்ன தேதிக்கு வந்து, வைக்க இடமில்லாமல் கிடக்கும். அதனால் ஒரு தவணைப் பணத்தையாவது டிராயிங் ஒப்புதலான பிறகே தர வேண்டும் என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வாதாடுகிறேன். வெண்டர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். அப்புறம் டிராயிங் நேரத்துக்கு வரும்.

"எல்லாம் நல்லபடியாகப் போகிறது" என்று வரும் மின்னஞ்சலை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன். தொழிற்சாலைக்கு நேரில் போனால் பெயிண்ட் அடித்த வெளிக்கூடான கேஸிங்கைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் கேட்பது ஷாஃப்ட் ஃபோர்ஜிங்குக்கு, அதாவது உள்ளே சுழலும் தண்டுக்காக அடித்து உருவாக்கும் உலோகத் துண்டுக்கு, அவர்கள் போட்ட ஆர்டரின் நகலை. அந்த ஆர்டர் இன்னும் போகவில்லை என்றால், மற்றதெல்லாம் தயாராக இருந்தும் பயனில்லை.

சரி, தாமதம் மட்டும்தான் சிக்கலா? சீக்கிரம் வருவதும் சிக்கல்தான். மூட்டையில் மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் ஏறக்குறைய 20 சதவீதம் வலுவை இழந்துவிடும் என்று சிவில் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஸ்டோர்ஸில் கிடக்கும் பெரிய மோட்டாரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உள்ளே ஈரம் சேராமலிருக்க அதன் ஹீட்டருக்கு மின் இணைப்பு கொடுக்க வேண்டும். பேரிங் ஒரே இடத்தில் அழுந்திக் கெடாமலிருக்க ஷாஃப்டை அவ்வப்போது திருப்பிவிட வேண்டும். எந்தத் தேதியில் திருப்பினார்கள் என்று எழுதியும் வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லையென்றால், பின்னால் மோட்டார் பழுதாகும்போது வாரண்டி கேட்டுப் போய் நிற்க முடியாது.

2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. அப்படிப்பட்ட நேரத்தில், எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் வருகிறது, அது வராவிட்டால் சைட்டில் எந்த வேலை முதலில் நிற்கும் என்று ஒரே பட்டியலில் வைத்திருப்பவர்களால்தான் உடனே முடிவெடுக்க முடியும். பல திட்டங்களில் கப்பல் விவரம் ஒரு பிரிவிடமும் வேலை அட்டவணை இன்னொரு பிரிவிடமும் இருக்கிறது. இரண்டையும் வாரம் தவறாமல் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு ஆளை நியமிக்கச் சொல்லி ஒவ்வொரு திட்டத்தின் தொடக்கத்திலும் கேட்கிறேன்.