தெருவில் உண்டியல் ஏந்த ஒரு பெர்மிட்

இங்கிலாந்தில் தெருவில் நின்று தர்மக் காரியத்துக்குக் காசு வசூலிக்க அனுமதி வாங்குவது பெரிய வித்தை இல்லை. எங்கள் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலில் கட்டணமும் கிடையாது. ஆனாலும் ஆகஸ்ட்டில் விண்ணப்பித்த நான், குளிரில் பல் கிட்டிக்க நவம்பர் கடைசியில்தான் உண்டியலோடு நின்றேன்.

எங்கள் ஊர் ஞாயிறு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சேர்ந்து கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் ஒரு ஹாஸ்பிஸுக்காக வசூலிப்பதாகத் திட்டம். செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை என்று முடிவு செய்து, ஆகஸ்ட் 5ஆம் தேதி ஃபாரத்தை அனுப்பினேன். ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறதே என்ற தெம்பு. மூன்றாம் நாள் ஒற்றை வரி பதில்: தாமதமான விண்ணப்பம், ஏற்க இயலாது.

விதி இதுதான்: எந்த மாதம் வசூலோ, அதற்கு முந்தைய மாதத்தின் முதல் தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதாவது செப்டம்பர் 1 என்றாலும் 30 என்றாலும் கடைசி நாள் ஆகஸ்ட் 1. நாலே நாளில் கோட்டை விட்டேன். தகுந்த காரணம் இருந்தால் கவுன்சில் விலக்கு தரலாம் என்றும் விதியில் இருக்கிறது. கேட்டேன். ‘எனக்கு விதி தெரியாது’ என்பது தகுந்த காரணம் இல்லையாம்.

சரி, அக்டோபர்? எல்லாச் சனிக்கிழமையும் போய்விட்டது. ஒரு நாளுக்கு ஒரு அமைப்புக்குத்தான் எங்கள் ஊரில் தருகிறார்கள். நவம்பர் முதல் பாதி, போரில் இறந்தவர்கள் நினைவாக நிதி திரட்டும் பாப்பிப் பூக்காரர்களுக்கு. அதில் கைவைக்க யாருக்கும் மனம் வராது. மிஞ்சியது நவம்பர் கடைசிச் சனி. அதற்கும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஹாஸ்பிஸில் இருந்த அம்மையார் ‘தாராளமாகச் செய்யுங்கள்’ என்று அனுப்பிய மின்னஞ்சலை இணைத்திருந்தேன். லெட்டர் ஹெட்டில் கையெழுத்தோடு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் முறையே இதையும் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? ஃபாரத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துவிடுங்கள். லண்டன்காரர்களுக்கு ஒன்று: அங்கே தெரு வசூலுக்குக் கவுன்சிலிடம் போய்ப் பயனில்லை. நகரின் நடுவே உள்ள சிட்டி பகுதி தவிர மற்ற இடங்களுக்கு மெட்ரோபொலிட்டன் போலீஸ்தான் தருகிறது.

பெர்மிட் வந்தது. கூடவே விதிகள். நிதானமாகப் படித்தபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது: 16 வயதுக்குக் குறைந்தவர்கள் வசூலிக்கக் கூடாது. எங்கள் மொத்தத் திட்டமே பிள்ளைகளை நம்பித்தான். பதினான்கு பிள்ளைகளில் தேறியது மூன்று. வாட்ஸ்அப் குழுவில் கெஞ்சிக் கூத்தாடிப் பெற்றோரைத் திரட்டினேன்.

அன்று காலை முதல் வேலையாக, மழைக்கு ஒதுங்கலாமே என்று ஷாப்பிங் சென்டருக்குள் போய் நின்றோம். பத்தாவது நிமிடம் செக்யூரிட்டி வந்தார். பெர்மிட்டைப் பெருமையாக நீட்டினேன். “இது தெருவுக்கு. இது தனியார் இடம்” என்றார், சிரிக்காமல். அவர் சொன்னது சரி. மால், சூப்பர் மார்க்கெட் வாசல், ரயில் நிலையம் எல்லாம் அந்தந்த உரிமையாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும். வீடு வீடாகப் போவதானால் அதற்கு 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேறு லைசென்ஸ்.

அப்புறம் தெருவில்தான். நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது, அடுத்தவருக்கும் நமக்கும் 25 மீட்டர் இடைவெளி, யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. உண்டியலைக் குலுக்குவதும் தொந்தரவில் சேரும் என்றார்கள். கூப்பிடாமல், குலுக்காமல் நிற்பவரைத் தேடி வந்து காசு போடுகிறார்கள் என்பதை அன்று பார்த்தேன். ஒரு பாட்டி ட்ராலி பையைத் தரையில் வைத்துவிட்டு, பர்ஸில் இருந்த செப்புக் காசு அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டார். அது முடிய மூன்று நிமிடம் ஆயிற்று.

மறுநாள் அடுத்த இடி. ஒன்பதாம் நம்பர் உண்டியலை வாங்கிப் போன தம்பி அதைத் திறந்தே கொண்டு வந்தான். “சில்லறை கனமா இருந்துச்சு அண்ணா, வீட்டிலேயே எண்ணி நோட்டா மாத்திட்டேன்.” நல்ல மனசுதான். ஆனால் சீல் உடையாமல் ஒப்படைத்து, பொறுப்பாளரும் இன்னொருவரும் சேர்ந்திருக்கும்போதுதான் திறக்க வேண்டும். உண்டியல் வாரியாகத் தொகை எழுதி ஒரு மாதத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதி, அவனிடமும் கையெழுத்து வாங்கி இணைத்தேன்.

மற்ற உண்டியல்களை நானும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் கொட்டி எண்ணினோம். வங்கிப் பையில் ஒரே வகைக் காசுதான் போட வேண்டும்: ஒரு பென்ஸ் என்றால் ஒரு பவுண்டுக்கு, இருபது பென்ஸ் என்றால் பத்து பவுண்டுக்கு. இரவு பன்னிரண்டரைக்கு எட்டு பென்ஸ் இடித்தது. மறுபடி எண்ணினால் மேசைக் காலடியில் கிடந்தது.

கணக்குக்கும் ஒற்றை வரிதான் பதில்: பெற்றுக்கொண்டோம், நன்றி. ஒன்பதாம் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த செப்டம்பருக்கான ஃபாரத்தைப் பிப்ரவரியிலேயே அனுப்பிவிட்டேன், லெட்டர் ஹெட் கடிதத்தோடு.