ஷ்மிட் கேமராவும் சில மைக்ரானும்

என்னிடம் இருக்கும் பழைய செலஸ்ட்ரான் 8 அங்குல ஷ்மிட் கேமராவை, அதாவது வானத்தைப் படமெடுக்க மட்டுமே ஆன தொலைநோக்கியைப் பார்க்கும் எல்லோரும் கேட்பது, "கண்ணை எங்கே வைத்துப் பார்ப்பது?" எங்கேயும் வைக்க முடியாது. ஃபிலிம் குழாய்க்குள்ளேயே ஆடியைப் பார்த்தபடி இருக்கும். 1930-ல் பெர்ன்ஹார்ட் ஷ்மிட் உருவாக்கிய அமைப்பு அது. கோள ஆடி, அதன் வளைவு மையத்தில் ஆடியின் பிம்பப் பிழையைச் சரிசெய்யும் மெல்லிய கண்ணாடித் தகடு. பிம்பம் விழும் தளமும் வளைந்தது என்பதால் ஃபிலிமையும் வளைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

குவிய விகிதம் எஃப்/1.5, ஒளியைச் சேர்ப்பதில் அசுர வேகம்! மங்கலான நெபுலாகூட சில நிமிடங்களில் பதிந்துவிடும். ஆனால் குவியம் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிசகினாலே விண்மீன்கள் உப்பிவிடும்.

குவியத்தைச் சரியாகப் பிடிக்க நான் நம்புவது சோதனை ஃபிலிமைத்தான். ஒரே விண்மீனை, குவியத்தைத் துளித்துளியாக மாற்றி, கேமராவையும் கொஞ்சம் நகர்த்தி, வரிசையாகப் பதிய வேண்டும். அப்புறம் ஃபிலிமைக் கழுவி, உருப்பெருக்கியில் மிகச் சிறிய புள்ளியைத் தேட வேண்டும். பொறுமை வேண்டும்தான், ஆனால் இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது. ஓரங்களையும் பாருங்கள், ஃபிலிம் சாய்ந்திருந்தால் அங்கேதான் தெரியும்.

சரி, இதில் டிஜிட்டல் சென்சார் பொருத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சென்சார் தட்டையானது என்பதால், வளைந்த பிம்பத் தளத்தைச் சமமாக்க எந்த லென்ஸ் வைத்தீர்கள்?