ஒரு மில்லிமீட்டர் துரு

சிறு வயதில் நான் சேட்டை செய்யும்போதெல்லாம் எங்கள் அப்பத்தா, "சரியான எம்டன்டா நீ" என்பார். அது ஒரு கப்பலின் பெயர் என்பது கல்லூரி நாட்களில்தான் எனக்குத் தெரியவந்தது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, நூறு குண்டுகளுக்கு மேல் வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டு இருளில் மறைந்த அந்த ஜெர்மானியப் போர்க்கப்பலைத்தான், மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் நான்கு மாதங்களாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இது ரெவெல் நிறுவனத்தின் 1/350 அளவுக் கிட், அதாவது உண்மைக் கப்பலில் 350-ல் ஒரு பங்கு அளவில், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பு. உண்மையான எம்டனின் நீளம் சுமார் 118 மீட்டர்; மாதிரி 34 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். பாகங்களை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டுவது பொறுமை உள்ள யாருக்கும் கைவந்துவிடும். பிளாஸ்டிக்கைக் கப்பலாக்குவது வண்ணம்தான்.

வண்ணத்துக்கு முன்னால், கப்பலின் எந்த நாளைக் கட்டப்போகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். அமைதிக் காலத்து எம்டன் வெள்ளை உடலோடு இருந்ததால் அதைக் கிழக்கின் அன்னம் என்றார்கள். போர் மூண்டதும் சாம்பல் நிறம் ஏறியது. அக்டோபர் 28 அன்று பினாங்கைத் தாக்கச் சென்றபோது, பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்க, இருந்த மூன்று புகைபோக்கிகளோடு பொய்யான நான்காவது ஒன்றையும் நிறுத்தியிருந்தார்கள். நான் கட்டுவது சென்னை இரவின் எம்டனை. ஆகவே சாம்பல் நிறம், மூன்று புகைபோக்கிகள்.

வண்ண அட்டையில் உள்ள சாம்பலை அப்படியே கலந்து பூசியதுதான் நான் செய்த முதல் தவறு. காய்ந்ததும் கப்பல் பொம்மைபோல் கறுத்து நின்றது. மாதிரியை 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, உண்மையான கப்பலை 210 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தொலைவில் இடையிலுள்ள காற்றும் ஒளியும் எந்த நிறத்தையும் சற்று வெளுக்கச் செய்துவிடும். பத்துப் பங்கு சாம்பலுக்கு ஒன்றரைப் பங்கு வெள்ளை சேர்த்து மறுபடி பூசியபோதுதான் அது கடலில் நிற்கும் கப்பலாகத் தெரிந்தது.

துருவிலும் இதே கணக்குதான். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் என்பது கப்பலில் 35 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடிக்கும் மேல். நங்கூரத் துளைக்குக் கீழே தூரிகையால் நான் முதலில் இழுத்த கோடு, நிஜக் கப்பலில் ஓர் அடி அகலத்துக்குத் துரு வழிந்தது போலிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, குண்டூசி முனையால் எண்ணெய் வண்ணப் புள்ளி ஒன்றை வைத்து, வண்ணத்தை நீர்க்கச் செய்யும் தின்னரில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் கீழ்நோக்கி இழுத்து இழுத்து, அது கண்ணுக்குத் தப்பிவிடும் என்ற நிலைக்கு வந்ததும் நிறுத்தினேன். போர்க்கப்பல் என்றாலே உடலெங்கும் துருவை அப்பிவிடும் வழக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. சீனாவில் அப்போது ஜெர்மனி வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்தை விட்டு எம்டன் புறப்பட்டது ஜூலை 31 அன்று. சென்னைக்கு வந்தபோது ஏழு வாரங்களே கடந்திருந்தன. பராமரிக்க முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இருந்தார்கள். துருவைவிட, நிலக்கரிக் கப்பல்களைப் பக்கத்தில் கட்டி நிலக்கரி ஏற்றியபோது ஏற்பட்ட உரசல்களும், தளத்தில் படிந்த கரித்தூளும்தான் அந்தக் கப்பலுக்கு உரியவை.

மெல்லிய பூச்சின் அருமையை எனக்குக் கற்றுத் தந்தவர் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் ஒரு பெரியவர். "மூக்கு நுனி மழுங்கிப்போச்சுன்னா அது பெயிண்டோட தப்பு தம்பி, மண்ணோட தப்பு இல்ல" என்று சொல்லி, ஒரே முகத்தில் நீர்த்த வண்ணத்தை நான்கு முறை ஏற்றிக் காட்டினார். எம்டனின் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிக் குழாயின் துளை இந்த அளவில் 0.3 மில்லிமீட்டர்தான், தடித்த வண்ணம் ஒரு சொட்டு விழுந்தால் அடைந்துவிடும்.

இந்த ஊரின் வெயிலும் ஒரு பாடம் நடத்தியது. அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் மதியம், காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷைப் பிடித்தேன். அக்ரிலிக் வண்ணம் காற்றிலேயே உலர்ந்து, மணல் தூவியதுபோல் தளம் முழுவதும் சொரசொரத்துவிட்டது. இரண்டு நாட்கள் நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தேன். இப்போது வண்ணம் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டுகள் சேர்த்து, விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் பூசி முடித்துவிடுகிறேன்.

இனி மிச்சம் இருப்பது இரண்டு மாஸ்டுகளுக்கு (கப்பலின் உயர்ந்த கம்பங்களுக்கு) நடுவே செல்லும் கம்பிகள். பாகங்களை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தின் (ஸ்ப்ரூ) துண்டை அகல் விளக்கின் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு கைகளாலும் நிதானமாக இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு அதை ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் தொய்வாக இருந்தால், சுடரை மட்டும் அணைத்த ஊதுபத்தியின் கனலை அருகில் கொண்டுபோனால் போதும். தொடுவதற்கு முன்பே இழை விறைத்து நேராகிவிடும்.