பட்டாலையில் பார்டோக்

கானாடுகாத்தான் வீட்டில் ஸ்பீக்கர்களை மாடி அறையிலிருந்து கீழே பட்டாலைக்கு (பெரிய கூடம்) இறக்கியதிலிருந்து, பிடித்த சில மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா ரெக்கார்டிங்குகள் பிடிக்காமல் போய்விட்டன. ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த மச்சு. கை தட்டினால் சத்தம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடங்குகிறது.

முதலில் அடிபட்டவர் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் கராயன். 1961-62இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கை வைத்து அவர் பதிவு செய்த பீத்தோவன் சிம்பொனிகள், பெர்லினின் டாலெம் பகுதியில் ஒரு தேவாலயத்தில் எடுத்தவை. அந்த இடத்து எதிரொலி பதிவிலேயே இருக்கிறது. அதன் மேல் எங்கள் வீட்டு எதிரொலியும் ஏறினால், ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் டபுள் பாஸ்கள் தடதடவென்று ஓடும் இடம் வெறும் இரைச்சல். ஹெட்போனில் கேட்டால் அருமை!

கல்யாணத்துக்கு விரிக்கும் ஜமுக்காளத்தை எடுத்து விரித்துப் பார்த்தேன் (அப்பத்தாவுக்குச் சம்மதமில்லை). வயலின்களின் கூச்சல் குறைந்தது. கீழ்ஸ்தாயி மட்டும் மசியவில்லை. மெல்லிய விரிப்புக்கு அதெல்லாம் அடங்காது. அப்புறம் ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு நன்றாக முன்னே இழுத்து, நானும் நெருங்கி உட்கார்ந்தேன். இதுதான் வேலை செய்தது.

இந்த இடத்துக்கென்றே எடுத்தது போல் இருப்பது ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ‘ஆர்கெஸ்ட்ராவுக்கான கான்செர்டோ’: 1955இல் ஃப்ரிட்ஸ் ரைனர் நடத்தி, சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. இரண்டாம் பகுதி ஒரு சின்ன மேளத்தின் தனி வாசிப்பில் தொடங்கும். பிறகு பசூன், ஓபோ, கிளாரினெட், புல்லாங்குழல், அடைப்பான் செருகிய டிரம்பெட் என்று ஜோடி ஜோடியாக வந்து போகும். ஒவ்வொரு ஜோடியும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டலாம். எழுபது வருஷத்துப் பதிவு என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

கார்லோஸ் கிளைபர் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு எடுத்த பீத்தோவன் ஏழாம் சிம்பொனியும் தப்பித்தது. இரண்டாம் வயலின்களை அவர் வலப்பக்கம் உட்காரவைப்பதால், கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்துக்கொள்வது தெளிவாகக் கேட்கிறது. இரண்டாம் பகுதியின் முடிவில் பெரும்பாலானவர்கள் வில்லுக்கு மாறுவார்கள். இவர் கடைசிவரை தந்தியைச் சுண்டியே முடிக்கிறார். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. வளவில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த அப்பத்தா, “இது யாரோ நடந்து போறாப்ல இருக்கேடா, எங்கதான் போறாக?” என்றார்.

இடம் வலம் பிரியாத பழைய மோனோ பதிவுகளில் எனக்குப் பெரிய பிரியமில்லை. ஃபுர்ட்வெங்லர் 1951இல் பைராய்ட் நகரில் நடத்திய பீத்தோவன் ஒன்பதாம் சிம்பொனியைக் கும்பிடுகிறவர்கள் மன்னிக்கவும்.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது 1971இல் நம் மும்பைக்காரர் ஜூபின் மேத்தா லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக்கை வைத்து எடுத்த ஹோல்ஸ்டின் ‘கிரகங்கள்’. அதில் ‘செவ்வாய்’ என்ற பகுதி ஐந்து எண்ணிக்கைத் தாளம். கண்ட சாபு போட்டுப் பழகிய கை தானாகத் தொடையில் தட்டுகிறது. ஆனால் சத்தம் உச்சிக்கு ஏறும்போது பித்தளை வாத்தியங்கள் பட்டாலையையே மூழ்கடித்துவிடுகின்றன. அதை மாடியில் வைத்துத்தான் கேட்கவேண்டும்.