நேவிக்காரரைப் பற்றிப் பேசப் பழக்கிய கதை

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்காக ஒரு மாணவியை ஐந்து நிமிடப் பேச்சுக்குத் தயார்படுத்த எனக்கு மூன்று வாரம் எடுத்தது. முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை, பதினோராம் வகுப்புப் பிள்ளை. தான் வாசித்தறிந்த ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். அவள் கொண்டுவந்த பெயர் செஸ்டர் நிமிட்ஸ். நீர்மூழ்கிக் கப்பல்களில் தேறி மேலே வந்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பசிபிக் கடற்படையை நடத்தியவர்.

"ஏன் பிள்ளை இவர்?" என்று கேட்டேன்.

"அவர் பிறக்க முதலே தகப்பன் செத்திட்டார் ரீச்சர். அப்பப்பாதான் வளர்த்தவர்."

அவள் 2009 இல் பிறந்தவள். அம்மப்பாவோடு இருக்கிறாள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மப்பாவுக்கு விருப்பமில்லை. "நேவிக்காரனைப் பற்றியோ பேசப்போறாய்?" என்று சத்தம் போட்டாராம். கரைவலை இழுத்துச் சீவித்த மனிதர். எங்கள் கரையில் நேவி என்பது சாதாரண சொல் இல்லை, அவரோடு நான் வாதாடவும் போகவில்லை. எழுதி முடித்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்லிக் காட்டுவாள் ஐயா என்று மட்டும் சொல்லி வந்தேன்.

முதல் எழுத்துப்படி சரிவரவில்லை. 1885 இல் டெக்சாசில் பிறந்தார், 1905 இல் கடற்படைக் கல்லூரியில் 114 பேரில் ஏழாவதாகத் தேறினார், 1944 இல் மிக உயர்ந்த பதவி பெற்றார் என்று ஆண்டும் பதவியும் அடுக்கியிருந்தோம். வாசிக்கும்போது அவளுக்கே கொட்டாவி வந்தது. சரி, இதை விடுவோம், உனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டேன். கப்பல் தரைதட்டிய இடம் என்றாள்.

அதுதான் எங்களுக்கு வழி காட்டியது. 1908 இல், இருபத்து மூன்று வயதில், டெக்காற்றர் என்ற நாசகாரிக் கப்பல் அவர் பொறுப்பில் இருந்தது. பிலிப்பைன்ஸில் ஓரிரவு, நிற்கும் இடத்தைச் சரியாக அளக்காமல் உத்தேசமாகக் கணித்து, கப்பலைச் சேற்றுத்திடலில் ஏற்றிவிட்டார். கடற்படை நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு கண்டித்தது. அடுத்த ஆண்டு பெரிய போர்க்கப்பல் கேட்டவருக்கு நீர்மூழ்கி கிடைத்தது. அந்தக் காலத்தில் அது ஒருவரும் விரும்பிப் போகும் இடமில்லை. பெற்றோல் இயந்திரத்தின் புகை உள்ளேயே நிறையும். அவர் முதலில் பொறுப்பேற்ற பிளஞ்சர் 64 அடிதான் நீளம். ஆனால் அவர் அங்கேயே ஊன்றிவிட்டார். டீசல் இயந்திரத்துக்கு மாற வேண்டும் என்று நின்றார், 1913 இல் ஜெர்மனிக்குப் போய் அதைப் படித்தார். பிறகு ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைக் காட்டி விளக்கும்போது பற்சக்கரத்தில் கை அகப்பட்டது. கல்லூரி மோதிரம் தடுத்ததால் ஒரு விரலின் பாதியோடு போயிற்று.

இவ்வளவும் சொல்லலாம். ஆனால் நீர்மூழ்கி எப்படித் தாழும், எப்படி எழும்பும் என்று தெரியாத பிள்ளைகளுக்கு முன்னால் எப்படிப் பேசுவது? ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றை எடுத்தோம். அடிப்பக்கத்தில் சூடான கம்பியால் இரண்டு துளை. பழைய வலையிலிருந்து கழற்றிய ஈயக்குண்டுகளைத் துளைப் பக்கமாகக் கட்டினோம். மூடியில் ஓட்டை போட்டு, மேசன்மார் மட்டம் பார்க்கும் ரியூப்பைச் செருகி, மெழுகு உருக்கி அடைத்தோம். தண்ணீர்ப் பீப்பாவில் விட்டதும் துளை வழியாகத் தண்ணீர் ஏறி, ரியூப்பால் காற்று வெளியேற, போத்தல் மெதுவாகத் தாழ்ந்து அடியில் போய் இருந்தது. அவள் ரியூப்பை வாயில் வைத்து ஊதினாள். தண்ணீர் துளையால் வெளியே தள்ளுப்பட, போத்தல் தடக்கென்று மேலே வந்தது. குண்டு கூடினால் எழும்பாது, குறைந்தால் தாழாது. அந்த நிறையைச் சரிக்கட்ட ஒரு பின்னேரம் முழுதும் போனது. நான் இத்தனை வருடத்தில் செய்த பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

1942 இல் ஜப்பானியக் கடற்படையை அவர் தோற்கடித்த மிட்வே சண்டையை ஒரே வரியில் முடித்தோம். ஹவாய்த் தீவிலுள்ள பேர்ள் துறைமுகத்தை விடவில்லை. அங்கே நீர்மூழ்கித் தளத்தை 1920 களின் தொடக்கத்தில் கட்டியவர் அவரேதான். 1941 டிசம்பரில் ஜப்பான் நடத்திய தாக்குதலில் அந்தத் தளம் தப்பியது. அந்த மாதம் 31 ஆம் திகதி, கிறேலிங் என்ற நீர்மூழ்கியின் மேற்தளத்தில் நின்றுதான் பசிபிக் கடற்படையைப் பொறுப்பேற்றார்.

போட்டி நன்றாக நடந்தது. நேரம் ஒரு நிமிடம் கூடிவிட்டது, நடுவர்கள் நிறுத்தவில்லை.

அதற்கு முந்தின நாள் பின்னேரம்தான் அம்மப்பாவுக்குச் சொல்லிக் காட்டினாள். தரைதட்டிய இடத்தில் அவர் சுருட்டைக் கீழே வைத்தார். "இருட்டில கரை கிட்டவோ தூரவோ எண்டு பிடிபடாது" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. கடைசியில் மிக்காசா வந்தது. 1905 இல் ரஷ்யாவை வென்ற ஜப்பானியத் தளபதி டோகோவின் கப்பல் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிதைந்து கிடந்த அதைப் பழுதுபார்த்துப் பாதுகாக்க நிமிட்ஸ் முன்னின்று உதவினார், 1961 இல் அது மீண்டும் திறக்கப்பட்டது என்று அவள் சொன்னாள்.

"எதிரியின்ர கப்பலையோ?"

"ஓம் அம்மப்பா."

அவர் கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த இடத்தை இன்னொருக்காச் சொல்லு" என்றார்.